விடுபட்ட பிரேம்கள்

பதினோராம் நிமிடம் நாற்பதாவது நொடியில் குத்துவிளக்கின் சுடர் நின்றுவிட்டது. அணையவில்லை. மூன்று நொடி அசையாமல் நின்று, பிறகு சட்டென்று வேறு பக்கம் சாய்ந்து மறுபடி ஆடத் தொடங்கியது. லோகேஸ்வரன் ரிமோட்டைப் பிடித்துப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தான். மறுபடியும் அதே இடம், அதே மூன்று நொடி. டிவியின் மூலையில் பொடி எழுத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு, விடுபட்ட பிரேம்கள் 181 என்று காட்டியது.

மதியம் மூன்று மணி. இரவு ஷிப்டு பார்ப்பவன் வீடு என்பதால் ஜன்னலில் கனத்த கர்ட்டன்; தம்போய் ஊரில் மழை கொட்டும் பகல்கூட அந்த ஹாலுக்குள் இருட்டாகத்தான் நுழையும். தகரக் கூரையில் விழும் மழை, மேஜைக்கடியில் முனகும் கணினியின் விசிறி, அதைத் தவிர வீட்டில் சத்தமே இல்லை. நாலு மாதமாக இல்லை.

அவன் மனைவி பிரவீனா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், ஆறாம் நாள் சவப்பெட்டியில் வந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவள் பேச்சாலேயே நிறைந்திருந்த வீடு. வேலை முடிந்து காலையில் கதவைத் திறந்தால், சமையலறையிலிருந்து "சாப்ட்டீங்களா?" என்ற குரல் முதலில் வரும், அவள் பிறகுதான் வருவாள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. அவனாகவே சமைத்து, நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறான்.

பதினாறாம் நாள் படையலை அவன் அக்கா ராசம்மாதான் போட்டாள். வாழையிலையில் சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், சோத்தோங் என்கிற கணவாய்ச் சம்பல், ஒரு கோப்பை மைலோ, அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் பிறந்த பிரவீனா உயிராக நினைத்த அன்னாசித் துண்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி. சோபாவுக்கு முன்னால் தரையில் இலையை வைத்து, குத்துவிளக்கை ஏற்றிவிட்டு எல்லாரையும் வாசலுக்கு விரட்டினாள்.

"அவங்க சாப்டறப்ப யாரும் பாக்கக்கூடாது. கதவச் சாத்திட்டு வெளிய நில்லுங்க. அப்புறம் மூணு தடவ தட்டி, கொஞ்சம் பொறுத்துத்தான் தெறக்கணும். எழுந்து போறதுக்கு நேரம் குடுக்கணும்லா" என்றாள்.

லோகேஸ்வரன் தலையாட்டினான். ஆனால் அதற்கு முன்பே டிவி அலமாரியில் பூச்சாடிக்குப் பின்னால் தன் கைபேசியை நிறுத்தி, ஆக உயர்ந்த தரத்தில் பதிவை ஓடவிட்டிருந்தான். தப்பு என்று தெரியும். அவள் வந்தாளா இல்லையா, அது தெரிந்தால் போதும். ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டால் மிச்ச நாளைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தான்.

கைபேசியில் ஒன்றும் புரியவில்லை. இலையே விரல் அகலம்தான் தெரிந்தது. அந்தப் பதினோராம் நிமிடத்தில் அதுவும் திக்கித் திக்கி ஓடியது. அதற்குப்பின் கதவு திறக்கும்வரை காலி ஹால்தான். அதற்காகத்தான் பெரிய டிவி, அதற்காகத்தான் இந்தக் கணினி. நாலு மாதச் சம்பளத்தில் பாதி இதில் போனது. அவன் கவலைப்படவில்லை.

ஸ்கூடாயில் கணினிக் கடை வைத்திருக்கும் ரூபேந்திரனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, மத்த வீடியோலாம் ஸ்மூத்தா போதா?"

"போது. கடல் மீன் வீடியோ ஒண்ணு டெஸ்டுக்குப் போட்டேன். ஒரு எடத்துலயும் நிக்கல."

"அப்ப மெஷின் ஓகே. கீழ ஒரு கோடு ஓடும் பாருங்க, பிட்ரேட், நொடிக்கு எவ்ளோ டேட்டானு காட்டும். அந்த எடத்துல ஏறுதா?"

பார்த்தான். தரையோடு தரையாகப் போன கோடு, பதினோராம் நிமிடத்தில் சுவர்போல் எழுந்து நின்றது. "ரொம்ப ஏறுது. பத்து மடங்கு."

"அலமாக்! டான்ஸ் வீடியோவா அது? படத்துல நெறைய அசைஞ்சாதான் அப்படி ஏறும். சும்மா இருக்கற ரூமுக்கு ஏறவே ஏறாது."

லோகேஸ்வரன் உதட்டை நனைத்துக்கொண்டான். "காலி ரூம்தான்டா. வெளக்கு மட்டும் எரியுது."

 ரூபேந்திரன் சட்டென்று தொழில் குரலுக்குத் திரும்பினான். "ஃபைல வெளி டிஸ்க்ல வச்சு ஓட்டாதீங்க, உள்ளுக்குக் காப்பி பண்ணுங்க. பிளேயர் செட்டிங்ஸ்ல வேலைய கிராபிக்ஸ் கார்டுக்கு மாத்துங்க. டிவிய நொடிக்கு அறுபது பிரேம்ல வைங்க. அதுக்கு மேலயும் நின்னுச்சுன்னா, விட்டுருங்கண்ணே. சில ஃபைல் அப்படித்தான்."

விடுவதற்கா இத்தனை பாடு. காப்பி ஓடி முடியும்வரை சோபாவில் உட்கார்ந்து பச்சைக்கோடு நகர்வதைப் பார்த்தான். அன்னாசி வாசனை அடித்தது. இந்த நாலு மாதத்தில் அவன் அன்னாசி வாங்கியதே இல்லை, ஆனாலும் இந்த வாசனை வந்துகொண்டேதான் இருந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று விட்டுவிட்டான். காலையில் வடித்த சோறு மதியத்துக்குள் ஊசிப்போவதையும், சட்டியில் வைத்த கறி அளவு குறைவதையும் அப்படித்தான் விட்டிருந்தான். தனியாக இருப்பவனுக்கு எவ்வளவு தின்றோம் என்ற கணக்கு நிற்காது.

காப்பி முடிந்தது. சொன்னபடி மாற்றினான். பிளேயரைத் திறந்து முதலிலிருந்து ஓடவிட்டான்.

இலை, விளக்கு, சோபா. கூடத்து விசிறி மெதுவாகச் சுற்றுவதன் நிழல் சுவரில் ஒரு வெட்டுக்கூட இல்லாமல் வழுக்கிப் போனது. மைலோவின் ஆவி இழை இழையாக எழுந்தது. இவ்வளவு தெளிவாக அவன் தன் வீட்டைக் கண்ணாலும் பார்த்ததில்லை. விடுபட்ட பிரேம்கள் 0.

பதினோரு நிமிடம் நாற்பது நொடி. சுடர் நிற்கவில்லை.

சமையலறைப் பக்கத்திலிருந்து அவள் வந்தாள்.

அவன் சந்தோஷத்தில்தான் முதலில் அழுதான். அதே நீல நைட்டி, அதே ஒருபக்கம் சாய்ந்த நடை. வந்து இலை முன் உட்கார்ந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. "பிரவீ" என்றான் டிவியைப் பார்த்து.

அவள் சாப்பிட்டாள். முதலில் ஒரு கையால். பிறகு இரண்டு கையால். தோள்கள் குலுங்கின, முடி ஆடியது, சோறு தெறித்தது, கைகள் எத்தனை என்று எண்ணமுடியாத வேகத்தில் இலைக்கும் வாய்க்கும் போய்வந்தன. ஆனால் இலையில் சோறு குறையவே இல்லை. அவளுக்குப் பசி அடங்கவும் இல்லை. அடியில் அந்தக் கோடு சுவராக நின்றது. ஸ்பீக்கரில் மெல்லும் சத்தம் மட்டும் வந்தது. அவன் அழுகை நின்றுபோனது.

இருபதாம் நிமிடம். கதவு திறந்தது.

தட்டவில்லை.

வேட்டி கட்டிய அவனேதான் உள்ளே வந்தான். அக்கா தட்டுவதற்காகக் கையை ஓங்கியபோது, கைபேசியை அவள் கண்டுவிடுவாளோ என்ற அவசரத்தில் முந்திக்கொண்டு திறந்தது அவன்தான். அன்றைக்கு ராசம்மாவின் முகம் வெளுத்துப்போனதும், ஒருவாய்கூடச் சாப்பிடாமல் அவள் கிளம்பியதும், அதற்குப்பின் இந்த வாசலை மிதிக்காததும் இப்போது அவனுக்கு விளங்கின. பசியோடு உட்கார்ந்தவளைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டான். வெளியே போக நேரம் கொடுக்கவில்லை.

டிவியில் அவள் எழுந்தாள். வாசல் பக்கம் ஆட்கள். சமையலறைப் பக்கம், கைபேசியை எடுக்க அலமாரியை நோக்கி வந்த அவன். வழியில்லை. இரண்டே எட்டில் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றாள். வாயில் சோறு. வலது கை, எச்சிலோடு, நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி.

அவன் முகம் பெரிதாக வந்தது. கை வந்து மூடியது. வீடியோ முடிந்தது.

திரை கறுத்தது. மூலையில் மட்டும் பொடி எழுத்து. 0.

கறுத்த கண்ணாடியில் ஹால் தெரிந்தது. கர்ட்டன் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம். சோபா. சோபாவில் அவன்.

பின்னால் நீல நிறம்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. நாலு மாதமாக இந்தச் சோபாவில்தான் தூங்கியிருக்கிறான்.

கையை நீட்டினான். முன்னாலிருந்த மேஜையில் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. பொறுத்தான். அக்கா சொன்னதுபோல் கொஞ்சம் பொறுத்தான். போய்விடு தாயே, நேரம் கொடுத்துவிட்டேன், போய்விடு.

மழை விட்டிருந்தது. கணினி விசிறியும் அடங்கியது. அந்த அமைதியில்தான் கேட்டது, தலைக்கு மேலே, மிக அருகே. மெல்லும் சத்தம்.

அன்னாசி வாசனை.

பிறகு மெல்வது நின்றது. கண்ணாடியில் நீலம் குனிந்தது. இரண்டு கைகள் அவன் தோளுக்கு இருபுறமும் சோபாவின் முதுகில் இறங்கின. வலது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"சாப்ட்டீங்களா?"