மச்சான் பிடித்த இடம்

தோல் பிரிவு, ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் கடைசி அறை. பகல் பதினோரு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பினாயில் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை. மெஷின் எண்ணெய் மாதிரி.

பிரஸ் ஆபரேட்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். பதினெட்டு வருஷமாகச் சமர்த்தாகப் படுத்திருந்த நாலு நகத் தழும்புகள் எழுந்து உட்கார்ந்திருந்தன. கருஞ்சிவப்பாக, மொச்சைக்கொட்டைப் பருமனில்.

"வலிக்குதா?" டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார்.

"இல்லீங்க."

"இவருக்கு எதுவும் உறைக்காது டாக்டர். இருபது வருஷமா நானும் அழுத்திப் பாக்குறேன்" என்றாள் மனைவி.

"சதை எடுத்த ரிசல்ட் வந்துடுச்சு. சார்க்காய்டோசிஸ்னு ஒரு வியாதி. பழைய தழும்பாப் பார்த்துக் கிளம்பும். நெஞ்சுலயும் போய் உட்காரும், படம் எடுத்துட்டு வாங்க. இது எப்படி வந்த தழும்பு?"

"எங்கண்ணன் கை. பிரஸ்ல மாட்டிக்கிட்டு இவரைப் பிடிச்சான். வண்டி வர்றதுக்குள்ள ரத்தம் போயிடுச்சு."

ஆபரேட்டர் சுவரைப் பார்த்தார்.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தகடு நசுக்கும் அந்த பிரஸ் இறங்கும். வேலை வேகமாக நடக்கட்டுமென்று ஒரு பட்டனைக் கம்பியால் கட்டிவைத்தவர் அவர். மச்சான் கை உள்ளே இருந்ததைப் பார்க்காமல் மற்றதை அழுத்தியவரும் அவரே. விசாரணையில் மட்டும், கம்பி கட்டியது மச்சான் என்று சொல்லிவிட்டார். செத்தவர் மறுத்துப் பேசவில்லை.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வராந்தாவில் காத்திருந்தபோது மனைவி கிசுகிசுத்தாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு அண்ணன் பிடிச்ச இடம் ஏங்க வீங்கணும்? என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல."

சொன்னதும் கை லேசாயிற்று. குனிந்து பார்த்தார்.

தழும்புகள் தட்டையாகியிருந்தன.

சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

உள்ளே டாக்டரம்மா விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டினார்.

இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, வெள்ளையாக, ஐந்து கோடுகள்.

மனைவி கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"சுண்டுவிரல் கோணல்" என்றாள் மெதுவாக. "எங்கண்ணன் கைதான்."

திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

மூச்சு பாதியில் நின்றது.

விளக்குப் பெட்டியில், படத்திலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.