துறையில் துவைப்பவள்

அந்தத் துணியில் ஒரு சட்டைப்பை இருந்தது. முதலில் அவள் கண்ணில் இடறியது அதுதான்.

அச்சகத்தில் அவளை எல்லாரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினிலிருந்து வரும் தாளைச் சாய்மேசையில் விரித்து, வெள்ளை விளக்குக்கடியில் லென்ஸைக் கண்ணோடு ஒட்டவைத்து, நிறம் பிசகியிருக்கிறதா, வேண்டாத புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது பதினெட்டு வருஷமாக அவள் வேலை. மாத்திரைப் பெட்டியோ பாடப்புத்தகமோ, தாளின் மூலையில் அவள் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் முழு வேகத்தில் ஓடும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு தூசி போகாது என்று முதலாளியே சொல்வார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அத்தி பூத்தாற்போல.

இந்தத் தடவை வந்திருந்தது குறி பார்க்கும் சீட்டுக்கட்டு. அயர்லாந்துப் பழங்கதைகளில் வரும் கெல்டிக் தேவதைகளும் ஆர்தர் அரசன் கதையில் வருகிறவர்களுமாக நாற்பத்து நான்கு சீட்டு. கலைத்துப்போட்டு ஒன்றை உருவினால் அன்றைக்கு ஒரு வாக்குக் கிடைக்கும். ஏரிக்குள்ளிருந்து வாளை நீட்டும் ஒரு கை, வெள்ளைக் குதிரைமேல் ஒருத்தி, தோளில் காக்கை உட்கார்ந்த ஒருத்தி. பதினேழாவது சீட்டில், ஆற்றுத்துறையில் குந்தியிருந்து துணி துவைப்பவள். சண்டைக்குப் போகிறவர்கள் வழியில் அவளைப் பார்ப்பார்களாம். அவள் யாருடைய உடையை அலசுகிறாளோ அவர் வீடு திரும்புவதில்லை. கட்டோடு வைக்கிற சின்னப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கடைசி வரியில் மட்டும், பழையதைக் கழுவிவிடுங்கள், புதியது பிறக்கும் என்று சர்க்கரை தடவி முடித்திருந்தார்கள்.

ஒப்புதலான மாதிரியில் துவைப்பவள் கையில் இருந்தது உருவமே இல்லாத சாம்பல் நிறக் கந்தல். இப்போது மெஷினிலிருந்து வந்த சோதனைத் தாளில் அந்தக் கந்தலுக்குக் கழுத்துப்பட்டை இருந்தது. நீல நிறம். பையின் அடியில், பேனா கசிந்து காய்ந்ததுபோல ஒரு கறை.

மெஷின் ஓட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு தான் போட்டிருந்த நீல வேலைக்கோட்டைக் குனிந்து பார்த்தார். பையைப் பார்த்தார். கறையைப் பார்த்தார்.

“என் கோட்டு மாதிரியே வரைஞ்சிருக்கான் பாரு. இனி பொண்டாட்டி துவைக்கலைன்னா இவகிட்ட போட்டுடலாம்,” என்றார்.

அவள் சிரித்தாள். அந்தத் தாள்களைக் கழிவில் போட்டுவிட்டு அச்சு பிளேட்டைத் துடைத்து மறுநாள் ஓட்டலாம் என்று அவரே சொல்லிவிட்டார். தாளை மடக்கும்போது மையின் வாடைக்குக் கீழே இன்னொரு வாடை வந்தது. குளிர்ந்த சேறு, பாசி, வெகுநேரம் நனைந்துகிடந்த துணி. விரலை முகர்ந்து பார்த்தாள். விரலில் இல்லை.

மறுநாள் காலை அண்ணன் வரவில்லை. குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் செருப்பைக் காலில் மாட்டும்போதே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய மனைவி அழாமல் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். இரவு கொடியில் காயப்போட்ட கோட்டு காலையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, மழையே பெய்யவில்லை என்று.

தற்செயல் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மூன்று நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் வேறொருவர் மெஷினுக்கு வந்தார். மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தபோது, முதல் தாள் அவள் மேசைக்கு வந்தது. மெஷின் தாளை இழுத்து அமுக்கித் தள்ளும் சத்தத்தைப் பதினெட்டு வருஷமாகக் கேட்டவளுக்கு அன்றுதான் அது ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்போலக் கேட்டது. தொப். தொப். தொப். பதினேழாவது சீட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முதலில் பார்த்தாள். நிதானமாக. ஒவ்வொன்றாக. வாள், குதிரை, காக்கை. பிறகு வேறு வழியில்லாமல் லென்ஸை நகர்த்தினாள்.

பச்சையும் பழுப்புமாகக் கட்டம் போட்ட சட்டை.

இடது தோளில் ஒரு கிழிசல். பச்சை நூல் தீர்ந்துபோய் நீல நூலால் தைத்த கிழிசல். ஒன்பது தையல், போன ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்த்துக்கொண்டே அவளே தைத்தது. அவளுடைய புருஷன் அன்று காலை அந்தச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போயிருந்தான்.

அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். நான்காவது தடவை எடுத்து, வண்டிக்கடியில் இருக்கிறேன், என்ன அவசரம் என்றான். வெளியே வா என்றாள். ஏன் என்றான். தலை சுற்றுகிறது, வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள். பொய் சொல்லியாவது அவனை அந்த இரும்புக்கடியிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் எத்தனை நாளைக்கு?

மாடியிலிருந்த டிசைனரிடம் ஓடினாள். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். பிரசவ விடுப்புக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். படத்தில் அதே பழைய சாம்பல் கந்தல். கட்டமும் இல்லை, தையலும் இல்லை.

“இதை அழிச்சிட்டு வெள்ளையாக்கு,” என்றாள் லென்ஸ் அக்கா. “கழுத்து, கை, பை, மடிப்பு எதுவும் தெரியக் கூடாது. வெறும் வெள்ளைத்துணி.”

“அப்படிப் போட்டா யாரோட துணின்னே தெரியாதேக்கா.”

“தெரியக் கூடாது.”

அந்தப் பெண் கந்தலை அழித்து வேலையை முடித்தாள். புது பிளேட் வந்தது. கீழே தாள் வந்தது. துணி வெள்ளையாக இருந்தது. காகிதத்தின் வெள்ளை, மையே படாத வெறுமை. கையில் அடங்காமல் கரையெல்லாம் விரிந்து தண்ணீரிலும் கிடந்தது. இவ்வளவு பெரிதாகவா அந்தப் பெண் வரைந்தாள்?

துவைப்பவளின் முகம் மாதிரியில் குனிந்திருந்தது. இந்தத் தாளில் அது கொஞ்சம் நிமிர்ந்திருப்பதுபோல ஓரக்கண்ணில் பட்டது. லென்ஸை அங்கே கொண்டுபோக அவளுக்கு இரண்டு விரற்கடைதான் நகர்த்த வேண்டியிருந்தது.

நகர்த்தவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, பார்க்காமல், மூலையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூவாயிரம் கட்டு பெட்டியில் ஏறிப் போயிற்று. புருஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கட்டம் போட்ட சட்டையை அவள் துவைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாள். தினமும் திறந்து தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இரண்டு வாரத்தில் அவளுக்குப் பசி திரும்பியது, தூக்கம் திரும்பியது. எதிர்வீட்டுக்காரி கடையில் அவளைப் பார்த்தபோது, உங்கள் அச்சகத்தில் போட்ட சீட்டுக்கட்டு எங்கள் ஆபீஸில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாங்கியிருக்கிறார்கள், நம் தெருவிலேயே பாதி வீட்டில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினாள். வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. காற்று நின்றுபோயிருந்தது. தெருவில் வண்டிச் சத்தம், எங்கோ ஒரு குழந்தை பாடம் ஒப்பிக்கும் சத்தம், குக்கர் விசில், இவற்றுக்கெல்லாம் அடியில், எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி, தொப், தொப் என்று ஒன்று. ஒரு இடத்திலிருந்து இல்லை. நாலு பக்கத்திலிருந்தும். தாளம் தப்பாமல். கூடவே அந்தச் சேற்று வாடை.

புருஷன் பின்னாலேயே ஏறி வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். “யாரோ இந்நேரத்துல துணி துவைக்கிறாங்க,” என்றான் சாதாரணமாக. எதிரே பார்த்தான். அவன் பார்த்த இடத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியெல்லாம் காய்ந்துவிட்டதா, எடுத்துக்கொண்டு வா, பசிக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவளுக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி. முதுகு காட்டி, குந்தி. அதற்கடுத்த மாடியில் ஒருத்தி. அதற்கடுத்ததில். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, ஆன்டெனாக்களுக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய மட்டும், கட்டு வாங்கிய வீட்டு மாடிக்கு ஒருத்தி. ஒரே முதுகு. ஒரே குனிவு. ஒரே தூக்கு, ஒரே அடி. ஒவ்வொருத்தி கையிலும் வெள்ளை.

சீட்டுக்கட்டு வாங்காத தன் வீட்டு மாடியைத் திரும்பிப் பார்த்தாள். காலி. காய்ந்த துணிகள் மட்டும்.

மனசு ஒரு கணம் நிம்மதியில் தளர்ந்தது. தளர்ந்ததே என்று அவளுக்கே உறுத்தியது.

சத்தம் நின்றது.

எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். பிழியவில்லை. ஈரத்துணியைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் வாரி எடுத்தார்கள். திரும்பினார்கள். அவரவர் மாடிப்படியில் இறங்கத் தொடங்கினார்கள்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

எதிர்வீட்டுப் படிக்கட்டு ஜன்னலில் ஒரு வெள்ளை கடந்தது. கீழ் ஜன்னலில் மறுபடி. பிறகு விளக்கெரியும் கூடம். எதிர்வீட்டுக்காரி மேசையில் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் தரையில் உட்கார்ந்து மகளுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் துவைப்பவள் வந்து நின்றாள். தரையில் தண்ணீர் பரவியது. துணியின் இரண்டு முனையையும் பிடித்து, எத்தனை பேரைப் போர்த்தும் என்று அளப்பதுபோலக் கையை அகல விரித்தாள். விரிக்க விரிக்க, துணி நீண்டுகொண்டே போயிற்று.