மூன்றாம் ஓலை

ஆழியூரில் தனியாள் யாருக்காவது தலை வலித்தால் மாத்திரை தேட மாட்டார்கள், வரன் தேடுவார்கள். தூத்துக்குடிக் கடலுக்கடியில், கண்ணாடிக் கூரையின் கீழே முந்நூறு பேர் வாழும் ஊர் அது. தனி அறையில் உறங்குகிறவர்கள் காலையில் தலைபாரமும் குமட்டலுமாக எழுந்தார்கள். ஒரு துணை சேர்ந்ததும் சரியாகிப் போனார்கள். ஆழ்கடலின் தனிமைநோய் இது என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். எட்டு வருடத்தில் அங்கே நாற்பது கல்யாணம் நடந்திருந்தது.

அந்த ஊருக்கே மூச்சு கொடுப்பவர் ரெமிஜியுஸ். அறைக்கு ஒரு மூச்சுப்பொறி உண்டு. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி, அத்தனை பேருக்கான காற்றை அது விடும். உயிர் காக்கும் பொறிகளுக்கு மனிதன்தான் கைப்பட நிரல் எழுத வேண்டும், இயந்திரம் எழுதியதும் இரவலும் கூடாது என்பது சட்டம். கைநிரலர் என்றால் மாதா கோயிலில் முதல் வரிசையில் நாற்காலி. ரெமிஜியுஸுக்கு அந்த நாற்காலி ரொம்பப் பிடிக்கும்.

அந்த நிரலை அவர் எழுதவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில், கெடுவுக்கு இரண்டே நாள் இருக்க, கை ஓடவில்லை. 'நிரல்மாலை' மாத இதழில் மூச்சுப்பொறிக்கு மாதிரி நிரல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். இதழைப் புரட்டக்கூட இல்லை. நிரலை மட்டும் தரவிறக்கி, மேலே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறதுதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மாலை, டீயும் கையுமாக அதே நிரல்மாலையின் வெள்ளிவிழா மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். 'மறக்க முடியாத பிழைகள்' என்று ஒரு பகுதி. மாதிரி நிரலில் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டுவைப்பது அந்த இதழின் வழக்கமாம். கண்டுபிடித்து எழுதும் வாசகருக்குப் பரிசு. விடை அடுத்த இதழில். இதழைப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது.

மூச்சுப்பொறி நிரலின் விடையை நாலே வரியில் போட்டிருந்தார்கள். அந்த நிரல் முதல் ஆளைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்குகிறது. ஆகவே அறையில் எப்போதும் ஓர் ஆள் குறைவு. இருநூறு பேர் கூடும் கோயிலில் ஒரு பங்கு குறைந்தால் யாருக்கும் தெரியாது. இருவர் இருக்கும் அறையில் ஒருவர் பங்கையும் கதவிடுக்கில் கசிவதையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம். தனியாள் அறையில், பொறியின் கணக்குப்படி, ஆளே இல்லை.

டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். ஒரே ஒரு வரி. திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் ஜெசிந்தா டீச்சர் நினைவுக்கு வந்துவிட்டார். கல்யாணமே வேண்டாமென்று ஆறு வருடம் அந்தத் தலைவலியோடு மல்லுக்கட்டியவர். போன மாதம் தன் அறையில் மயங்கி விழுந்தபோது, பார்க்கப் போன ரெமிஜியுஸ் சொன்னது இது: "வீம்பு பிடிக்காதீங்க டீச்சர். ஒரு துணை இருந்தா எல்லாம் சரியாயிரும்." பண்டகசாலை கபிரியேலைப் பேசி முடித்ததும் இவர்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்துத் தடை கேட்பார்கள்; இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை நாளைக்கு.

மறுநாள் பூசையில் சாமியார் ஓலையை வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்." யாரும் சொல்கிற வழக்கமில்லை. அவர் தாளை மடிக்கத் தொடங்கியிருந்தார்.

"தடை இருக்கு, சாமி." ரெமிஜியுஸ் எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த மனைவி பனிமேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன செய்யுதீங்க? உட்காருங்க."

"டீச்சருக்கு வியாதி ஒண்ணும் இல்ல. அவங்க அறையில காத்துதான் இல்ல. இத்தனை வருஷமா தனியா இருந்த யாருக்குமே இல்ல. நிரலு தப்பு, நேத்துதான் திருத்துனேன். அதை நான் எழுதல. ஒரு பத்திரிகையில இருந்து எடுத்துப் பேரை மாத்திப் போட்டேன். எடுத்ததைக்கூட ஒரு தடவை படிச்சுப் பாக்கல." தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா டீச்சர் எழுந்து அவரருகே வந்தார். "ஆறு வருஷமா எனக்குத்தான் மனசு சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன் சார்," என்றார். பிறகு கபிரியேலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போனார். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ரெமிஜியுஸுக்கு.

பூசை முடிந்து கலைந்தபோது, எத்தனையோ ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

வீட்டில் பனிமேரி மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நானும் இங்க வந்த புதுசுல ஒத்தையிலதான இருந்தேன்," என்றாள். "தலைவலி உயிர் போகும். உங்க கூட வந்து உட்காந்து பேசுனா விட்டுரும்."

அவருக்கு ஞாபகம் இல்லாமலா? என்னைப் பார்த்தாலே இவளுக்குத் தலைவலி பறந்துரும் என்று விருந்துக்கு விருந்து சொல்லிப் பீற்றிக்கொண்டவர் அவர்தானே.

"அது உங்களாலன்னு நெனச்சுத்தான் சரின்னு சொன்னேன்," என்றாள் அவள்.

பனிமேரி பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறை வாசலில் நின்றாள். "இப்ப தனியாப் படுத்தா காத்து வரும்ல?"

"வரும், பனி."

கதவு மூடியது. கூடத்து மூச்சுப்பொறி ஒரு கணம் நின்று, மறுபடி எண்ணி, ஓர் ஆளுக்கான காற்றை விடத் தொடங்கியது. ரெமிஜியுஸ் எச்சில் கை காய உட்கார்ந்திருந்தார். மூச்சு தாராளமாக வந்தது. தலைதான் வலித்தது.