எக்ஸ்ரேக்குத் தப்பியது

முப்பத்தாறு மணி நேரம்.

அதற்குள் குற்றம் சாட்ட வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மினசோட்டாவில் அதுதான் சட்டம்.

நோரீனின் தம்பி கர்ட்டிஸ் லாக்கப்பில் முப்பத்து மூன்றாவது மணியில் இருந்தான்.

படகுத்துறை நடத்தி வந்த வர்ஜிலை யாரோ துடுப்பால் அடித்தே கொன்றிருந்தார்கள். துடுப்பின் பிடி பிளந்திருந்தது. அதில் இரண்டரை சென்டிமீட்டர் சிராய் மட்டும் காணவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம்.

கொன்றவன் கையில் அது ஏறியிருக்கும் என்று கர்ட்டிஸின் கைகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

"சிராய் ஏரியில விழுந்திருக்கும்" என்றார், அவனைக் கைது செய்த துணை போலீஸ் அதிகாரி ஹாகன்.

அதே ஹாகன் இப்போது நோரீனின் ஸ்கேன் அறையில். வீங்கிய வலது கையை நீட்டியபடி.

"ஷெரீஃப் விட மாட்டேங்கறாங்க. கையைக் காட்டிட்டுத்தான் டூட்டிக்கு வரணுமாம். வெளியில காப்பியோட காவல் உக்காந்திருக்காங்க."

"எப்படி வீங்குச்சு?"

"மீன் முள்ளு. எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல." சிரித்தார். "இது புள்ளத்தாச்சிக்குப் பாக்குற மெஷினாச்சே... எனக்கு எத்தனை மாசம்?"

நோரீன் சிரிக்கவில்லை. ஜெல் தடவி, கருவியை உள்ளங்கையில் வைத்தாள்.

எக்ஸ்ரே மரத்தைத் துளைத்துப் போய்விடும். ஒலி அப்படியில்லை. மோதித் திரும்பும். மோதிய இடம் வெள்ளை. ஒலி போகாத பின்பக்கம் கறுப்பு நிழல்.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு.

கீழே நிழல்.

இரு முனையிலும் புள்ளி வைத்து அளந்தாள்.

2.5.

"என்ன தெரியுது?"

"டாக்டர்தான் சொல்லணும். நாங்க சொல்லக் கூடாது."

"சும்மா சொல்லு. தம்பியைப் புடிச்சுட்டேன்னு கோவமா?"

"ரூல் சார்."

ஹாகனின் இடது கை இடுப்புப் பக்கம் போனது... துப்பாக்கி உறையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பியது.

"ஜெல் தீந்துடுச்சு. எடுத்துட்டு வரேன்."

கதவு வரை மெதுவாகவே நடந்தாள்.

திரும்பி வந்தபோது அவளுக்கு முன்னால் ஷெரீஃப் ஆக்னஸ். "அவர் கையை நீங்களே வந்து பாருங்க" என்று மட்டும்தான் நோரீன் வெளியே சொல்லியிருந்தாள். ஷெரீஃபின் கையில் காப்பி இல்லை. துப்பாக்கி இருந்தது.

"அசையாத, ஹாகன். நீ சொல்லும்மா. உள்ள என்ன இருக்கு?"

பதினோரு வருடத்தில் முதல் முறையாக நோரீன் விதியை மீறினாள்.

"மரச்சிராய். ரெண்டரை சென்டிமீட்டர்."

ஹாகனைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்னு கேட்டீங்கல்ல? ரெண்டு நாள்தான் ஆகுது. ஜாடை மட்டும் அப்படியே துடுப்பு."