காணாமல் போன வெனிலா சென்ட்

வெள்ளிக்கிழமை காலையில் வெனிலாத் தோட்டக்காரர் ஃபிர்மென் வந்து நின்றபோது கயேத்தான் ஒரு சமோசாவைப் பாதிதான் தின்றிருந்தார். வந்தவர் முகத்தைப் பார்த்ததும் மீதியைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வெனிலா விளையும் அந்தத் தீவு ஊரான பிரா-பனோனில் எது காணாமல் போனாலும் போலீஸுக்கு முன்னால் கயேத்தானின் மனைவி சோலாஞ்சிடம்தான் வருவார்கள். சோலாஞ் மருந்துக்கடையை மூடி ஓய்வெடுப்பவள். அவர் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். யார் குற்றவாளி என்று முதலில் சொல்லுபவர் எப்போதும் அவர்தான். இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"போச்சு சோலாஞ் அக்கா, என் சென்ட் பாட்டில் போச்சு," என்றார் ஃபிர்மென்.

"உட்காரு. தண்ணி குடி. எந்த சென்ட்?"

"வெனிலாவும் கொம்பாவா எலுமிச்சைத் தோலும் சேர்த்துச் செஞ்சது. வெனிலாவை மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல ஊறப் போட்டேன். இருந்தது ஒரே பாட்டில். ஞாயித்துக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டு, ஒருத்தங்ககிட்ட அதைக் கொடுத்து..." ஃபிர்மென் தொப்பியைக் கசக்கினார். "கேக்கலாம்னு இருந்தேன்."

"என்ன கேக்க?"

"அதான்... கேக்கறதை."

கயேத்தானுக்குச் சிரிப்பு முட்டியது. வெனிலாப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதை அந்த ஊரில் கல்யாணம் செய்துவைப்பது என்றே சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயது வரை ஊர்ப் பூவுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்த மனுஷன், தனக்கென்று வரும்போது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

"யாருன்னு சொல்லு," என்றாள் சோலாஞ்.

"சொல்ல மாட்டேன் அக்கா. கையில அந்த பாட்டில் இருந்தாத்தான் எனக்குத் தைரியம். இல்லேன்னா வாயில வார்த்தையே வராது. ஆறு வருஷமா வரல. இந்த ஞாயிறும் போச்சுன்னா அப்புறம் கேக்கவே மாட்டேன். எனக்கே என்னைத் தெரியும்."

கயேத்தான் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

சென்ட் செய்யும் அறை ஃபிர்மென் வீட்டுத் தோட்டத்து மூலையில் இருந்தது. சாவி பூத்தொட்டிக்கு அடியில். அது ஊருக்கே தெரியும். நவம்பர் முழுக்க ஃபிர்மென் மதியம் வரை கொடிகளுக்கு நடுவில்தான் இருப்பார் என்பதும் தெரியும். புதன்கிழமை அவர் திரும்பி வந்தபோது பாட்டில் இல்லை.

மூவரும் அங்கே போனபோது மேசைமேல் முகர்ந்து பார்க்கும் காகிதப் பட்டை ஒன்று நனைந்து காய்ந்து கிடந்தது. சோலாஞ் அதை மூக்கருகே கொண்டுபோனாள். வெனிலா மட்டும்தான் மிஞ்சியிருந்தது, எலுமிச்சை எப்போதோ பறந்துவிட்டிருந்தது. பிறகு சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். அதற்கு நேர் கீழே மரத்தரையில் இரண்டு சொட்டுக் கறை.

"இதை எப்போ போட்டுக்கணும், ஃபிர்மென்?"

"பொழுது சாஞ்சப்புறம்தான். பகல்ல கூடவே கூடாது. கொடுக்கும்போது சொல்லலாம்னு இருந்தேன்."

சோலாஞ் தலையாட்டினாள். கயேத்தானுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர் கண் பக்கத்து வீட்டு ஒனேசிம்மேல் இருந்தது. ரம் ஊறப்போட்டு விற்கும் ஒனேசிம் அந்த சென்ட்டின் செய்முறையைக் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தவர். இப்போது வேலி ஓரம் வலது கையில் பெரிய கட்டோடு நின்றார்.

"கையில என்ன காயம்?" என்று பாய்ந்தார் கயேத்தான்.

"பானை சுட்டுடுச்சு. உங்களுக்கு என்னவாம்? பஸ்ஸையா இடிச்சேன்?"

அடுத்து ஃபிர்மெனின் தங்கை கிஸ்லேன். அண்ணன் வீட்டை ஆளுபவள். "காணாமப் போனா நல்லதுதான். இந்த வயசுல சென்ட் என்ன வேண்டிக் கெடக்கு?" என்றாள்.

கயேத்தான் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "இவதான். கிட்டப் போய் மோந்தேன். வெனிலா மணக்குது!"

"இந்த ஊர்ல வெனிலா மணக்காத ஆள் யாராவது இருந்தா அவங்களைப் பிடிங்க," என்றாள் சோலாஞ்.

அப்போது மஞ்சள் மொபெட்டில் தபால்காரி லெயோனி வந்து இறங்கினாள். கழுத்தை இறுக்கிச் சுற்றியிருந்த துண்டு வியர்வையில் நனைந்திருந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சு," என்று தெருமுனை வரை கேட்கும் குரலில் சொன்னாள். "பாட்டில் கெடைச்சுதா? பாவம், அந்த பாரிஸ் மதாமுக்குத்தானே ஆசை ஆசையாச் செஞ்சாரு!"

ஃபிர்மென் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இன்னிக்கு வெயில் அதிகம்," என்பதுதான் வெளியே வந்தது. லெயோனி கடிதங்களைத் திண்டில் வைத்துவிட்டு விருட்டென்று போய்விட்டாள்.

பாரிஸ் மதாம் என்பவள் ஃபிர்மென் வீட்டு மாடி அறையில் வாடகைக்குத் தங்கியிருந்த பயணி. அந்த சென்ட்டை முகர்ந்து, கண்ணை மூடி, "நீலக்கடல், தென்னைமரம், ஊஞ்சல், ஆளில்லாத தீவு" என்று உருகியிருக்கிறாள். அன்றிலிருந்து ஊர் அவளையும் ஃபிர்மெனையும் முடிச்சுப் போட்டுப் பேசியது. அவளோ செவ்வாய்க்கிழமையே எரிமலை பார்க்கப் போய்விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை விருந்தை நிறுத்தாதே. ஒனேசிம்மையும் கூப்பிடு, லெயோனியையும் கூப்பிடு," என்றாள் சோலாஞ்.

ஞாயிறன்று கோழிக் கறி தீர்ந்ததும் சோலாஞ் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஃபிர்மென் ஒரு பருக்கைகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"பாட்டிலை எடுத்தவங்க கண்ணாடி முன்னால நின்னிருக்காங்க. சொட்டு அங்கதான் விழுந்திருக்கு. செய்முறையைத் திருட வந்தவன் தூக்கிட்டு ஓடுவான், அழகு பார்த்துட்டு நிக்க மாட்டான். ஒனேசிம், நீங்க நிம்மதியாச் சாப்பிடலாம்."

"நான் நிறுத்தவே இல்லையே," என்றார் ஒனேசிம்.

"ஒழிச்சுக்கட்ட நினைச்சவங்களா இருந்தா தரையில ஊத்தியிருப்பாங்க. ஆக, எடுத்தவங்க அதைக் கழுத்துல தடவிக்கிட்டாங்க. தடவிக்கிட்டு எங்க போனாங்க? கயேத்தான், அன்னிக்குப் பிக்னிக்ல எலுமிச்சை பிழிஞ்சிட்டுக் கடற்கரையில படுத்தீங்களே, கை என்ன ஆச்சு?"

"வெந்து போச்சு. அப்புறம் ஒரு மாசம் பழுப்பா..." கயேத்தான் பாதியில் நிறுத்தினார்.

"அதேதான். எலுமிச்சைத் தோல் எண்ணெய் தோல்ல பட்டு, அதுமேல வெயிலும் பட்டா அப்படித்தான். பட்ட இடத்துல கோடு விழும். அதனாலதான் ஃபிர்மென் பகல்ல கூடாதுன்னான். கிஸ்லேன் கழுத்து நம்ம எல்லார் கண்ணுக்கும் தெரியுது, சுத்தமா இருக்கு."

அவள் யார் பக்கமும் திரும்பவில்லை. கயேத்தான் மட்டும் தாங்கமாட்டாமல் திரும்பினார்.

லெயோனி துண்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். காதுக்குக் கீழே இரண்டு பழுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன.

"நான்தான் எடுத்தேன். பாட்டில் பத்திரமா இருக்கு, தந்துடறேன்," என்றாள். பிறகு ஃபிர்மென் பக்கம் திரும்பினாள். "ஆறு வருஷமா தபால் கொண்டு வரேன். மழைன்னு சொல்வீங்க, வெயில்னு சொல்வீங்க. அவளுக்காக சென்ட் செய்யறீங்கன்னதும் மனசு கேக்கல. மோந்து பார்க்கத்தான் போனேன். கண்ணை மூடினா... எனக்கும் ஒரு தீவு தெரிஞ்சுது. தபாலே இல்லாத தீவு. அங்க நீங்க இருந்தீங்க. அதை இன்னொருத்திக்குக் கொடுக்க விடுவேனா?"

ஃபிர்மென் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எரியுதா?"

"எரியுது!"

"அந்த பாரிஸ் மதாம் பேர்கூட எனக்குத் தெரியாது. பாட்டில் உனக்குத்தான்," என்றார் அவர். "உனக்குத்தான் செஞ்சேன், லெயோனி."

சோலாஞ் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து எழுப்பினாள். கிஸ்லேனை முன்னால் விட்டு, தட்டோடு வந்த ஒனேசிம்மையும் தள்ளிக்கொண்டு, எல்லோரையும் சமையலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். கயேத்தான் கதவில் காதை வைத்தார். ஏதோ முணுமுணுப்பு கேட்டது. உடனே லெயோனியின் குரல் வந்தது.

"சத்தமாக் கேளுங்க! கதவுக்குப் பின்னால நாலு பேர் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க!"

ஃபிர்மென் கேட்டார். ஆறு வருஷமும் சேர்ந்து அந்தக் குரலில் வந்தது. தெரு நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன, ஆனால் லெயோனி சொன்ன பதில் அதற்கும் மேலே தெளிவாகக் கேட்டது.