பூமியின் மேல் போட்ட பழி

ஆயுத பூஜை அன்று காலை ஏழு மணி. சூளகிரி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் நடுவில் இடிந்து கிடந்தது. வெளிப்பக்கம், கற்களுக்கு அடியில், காவலாளி வெள்ளைச்சாமியின் உடல். உள்பக்கம், விடியுமுன்பே பூஜை போட்டிருந்த கம்பெனி டிப்பர் லாரி நின்றது. விடிந்த கையோடு நிலம் லேசாக நடுங்கியதை ஊரே உணர்ந்திருந்தது.

மானேஜர் பூபதி கதையைத் தயாராக வைத்திருந்தார். சிமென்ட்டைக் குறைத்துக் கட்டிய சுவர், பூமி ஆடியதும் விழுந்துவிட்டதாம். கட்டிய கொத்தனார் வெங்கடப்பனை ஸ்டேஷனில் உட்கார வைத்தாயிற்று.

சுவர்களைக் கம்ப்யூட்டரில் கட்டி, நிலநடுக்கம் கொடுத்து ஆட்டிப் பார்ப்பது என்ஜினீயர் மோகனப்ரியாவின் வேலை. ஓசூரிலிருந்து வந்தவள் சுவரையும் அதன் விரிசல்களையும் அளந்தாள், கலவையைச் சோதித்தாள். இடிந்த இடத்தின் ஓரத்தில் விழாமல் நின்ற உள்பக்கத்துக் கல் ஒன்றில் சந்தனப் பொட்டு. அதன் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"பூஜை அன்னைக்குப் பொட்டு வைக்காத இடம் ஏதும்மா?" என்று சிரித்தார் அவள் மேலதிகாரி ஸ்ரீராம்.

பிற்பகல். அன்றைய அதிர்வை லேப்டாப்பில் இருந்த சுவருக்குக் கொடுத்தாள். நின்றது. கலவையின் பலத்தைப் பாதியாக்கினாள். அப்போதும் நின்றது.

"அதிர்வைக் கொஞ்சம் கூட்டிப் போடு, விழுந்துடும். கம்பெனிக்கும் அதுதான் வேணும்," என்றார் ஸ்ரீராம்.

"கொத்தனார் ஜெயிலுக்குப் போவாரு சார். போட மாட்டேன்."

"உன் வேலை போயிடும்."

"போவட்டும் சார்."

அவளுக்குக் கோபத்தில் காது சுட்டது. நிலநடுக்கத்தை நிறுத்திவிட்டு, சுவரை ஒரே இடத்தில் தள்ளிப் பார்த்தாள். விரிசல்கள் அங்கிருந்து நாலாபக்கமும் ஓடின. நேரில் பார்த்த அதே விரிசல்கள். தள்ளிய இடம், பொட்டு இருந்த கல்.

அவள் சொன்னதைக் கேட்ட இன்ஸ்பெக்டர் நிர்மலா எல்லோரையும் சுவரருகே கூட்டினார்.

"பூஜைக்கு அப்புறம் டிப்பரை யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல மேடம்," என்றார் பூபதி. "சாவி என் பாக்கெட்லதான் இருக்குது."

மோகனப்ரியா அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டினாள்.

"கையால வெச்சா சந்தனம் அடியில, குங்குமம் மேல. இதுல குங்குமம் கல்லுல ஒட்டியிருக்கு, சந்தனம் அதுக்கு மேல. இது வெச்ச பொட்டு இல்ல மேடம். ஈரம் காயறதுக்குள்ள வேற எதுலயோ இருந்து ஒட்டிக்கிட்டது."

நிர்மலா டிப்பரின் பின்கதவுக்குப் போனார். மூன்று பொட்டுகளில் நடுவில் இருந்தது பாதி பிய்ந்திருந்தது. கல் இருந்த அதே உயரம்.

"நீங்கதான் ரிவர்ஸ் எடுத்தீங்க," என்றாள் மோகனப்ரியா. "பூமி ஆடினது உங்களுக்கு வசதியாப் போச்சு."

பூபதி டிப்பரைத் திரும்பிப் பார்த்தார். "அந்தாண்ட ஆள் இருக்கறது தெரியாதுங்க..."

"தெரிஞ்சப்புறம் இன்னொரு ஆளை மாட்டி விட்டீங்களே?" என்றார் நிர்மலா.

ஸ்டேஷன் வாசலில் பூபதி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, வெங்கடப்பன் வெளியே வந்துகொண்டிருந்தார். ஒதுங்கவில்லை. நேருக்கு நேர் நின்றார்.

"அந்தச் சுவத்தை மறுபடி நான்தான் கட்டுவேன். வந்து தள்ளிப் பாரு."