கட்டம் சாரும் ஒரு காலிக் கட்டமும்

அப்பாவிடம் ஒரே ஒரு சொல் மீதி இருந்தது. அது "நோ."

"தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டால், "நோ." சரி என்று தம்ளரோடு நகர்ந்தால், அவர் கண்கள் தம்ளரின் பின்னாலேயே வரும். "ஜன்னலைச் சாத்தவா?" என்றாலும், "நோ." சாத்தாமல் விட்டால் முகம் சுருங்கும். வேண்டும் என்பதற்கும் அதே சொல். வேண்டாம் என்பதற்கும் அதே சொல்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அப்பா கரும்பலகையைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். வலது காலில் பாதி பலம் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை.

"அவருக்கு எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது," என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். பார்க்க வந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. முதலில் அப்பாவுக்குக் காது கேட்காதது போல அவரிடம் கத்தினார்கள். பிறகு, நிஜமாகவே காது கேட்காது என்று முடிவுசெய்து, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள்.

அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கட்டம் சார்.' எந்தப் பாடமானாலும் பழுப்புத் தாளில் கட்டங்கள் போட்டுத்தான் நடத்துவார். முதல் நெடுவரிசையில் ஐ, யூ, ஹி, ஷி. அடுத்ததில் ஆம், ஆர், இஸ். மூன்றாவதில் ஹேப்பி, ஹங்ரி, லேட், டயர்ட்.

"இங்கிலீஷ் ஒண்ணும் பூதம் இல்ல. வரிசைக்கு ஒரு சொல்ல எடு, இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் போ. வாக்கியம் தானா வந்து நிக்கும்," என்பார்.

அவருடைய மகளுக்குப் பத்து வயது. பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள் என்பதால் அப்பா அவளுக்குச் 'சில்வண்டு' என்று பெயர் வைத்திருந்தார். இப்போது அந்தப் பெயரைச் சொல்லி அழைக்க வீட்டில் ஆள் இல்லை. சில்வண்டும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை பெரியப்பா வந்தார். மர அறுவை ஆலை நடத்துபவர். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு.

"ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வரேன். தம்பிய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்று அம்மாவிடம் சொன்னார். "ரெண்டு தெரு தள்ளிப் பேச்சுப் பயிற்சி குடுக்குற ஒருத்தர் இருக்கார். உனக்கும் லீவு முடிஞ்சுதே, எத்தனை நாளைக்கு இப்படி அல்லாடுவ?"

அம்மாவுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. காலையில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு ஓடுவார். மாலையில் வந்து மறுபடியும் தூக்குவார்.

"அப்பாவக் கேட்டீங்களா பெரியப்பா?" என்றாள் சில்வண்டு.

"என்னத்தக் கேக்கறது? எதக் கேட்டாலும் 'நோ'தானே! டேய், நீயே சொல்லு. வரியா?"

"நோ," என்றார் அப்பா.

"பாத்தியா!" என்றார் பெரியப்பா.

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த 'நோ' நிஜமான 'நோ'தான் என்று சில்வண்டுக்குத் தோன்றியது. அவளுக்கு அப்படித்தான் தோன்ற வேண்டியிருந்தது. அப்பா போய்விட்டால் அந்த வீட்டில் என்ன இருக்கும்?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும், அலமாரியின் மேல் தூசியோடு கிடந்த பழுப்புத் தாள் சுருள்களை இறக்கினாள். ஒன்றை விரித்து, கட்டிலின் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். ஓரங்கள் கிழிந்திருந்தன. 'டயர்ட்' என்ற சொல்லின் மீது ஏதோ ஒரு மாணவனின் மை விரல் தடம்.

அப்பா தாளையே பார்த்தார். அவருடைய இடது கை மெல்ல எழுந்தது. சுட்டுவிரல் நடுங்கியபடி முதல் வரிசையைத் தொட்டது. 'ஷி.' நகர்ந்தது. 'இஸ்.' இன்னும் நகர்ந்தது. 'டயர்ட்.'

சில்வண்டு கட்டிலைவிட்டுக் குதித்தாள். "அப்பா! வாக்கியம்! முழு வாக்கியம்!"

அப்பா மறுபடியும் அதே மூன்று சொற்களைத் தொட்டார். பிறகு மறுபடியும்.

"சரி, சரி, சரி!" என்று அவள் மூன்று சரிக்குறி போட்டாள். வாக்கியம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

உடனே ஒரு புதுத் தாளை எடுத்தாள். கோடு போட்டாள். 'ஐ' என்று எழுதினாள். 'வான்ட்' என்று எழுதினாள். மூன்றாவது வரிசையில் 'டு ஸ்டே.' நான்காவது வரிசையில் 'ஹியர்', 'ஹோம்', 'வித் யூ.' எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் பொருள் வரும். பெரியப்பாவிடம் காட்ட அது போதும்.

"இப்ப சொல்லுங்கப்பா."

அப்பாவின் விரல் 'ஐ' மீது வந்தது. 'வான்ட்' மீது வந்தது. 'டு ஸ்டே'யைத் தாண்டி, அதன் கீழே ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது.

"அங்க ஒண்ணும் இல்லப்பா. மேல பாருங்க."

"நோ."

விரல் காலி இடத்தைத் தட்டியது.

"கை நடுங்குதா? நான் பிடிச்சுக்கவா?"

"நோ." மீண்டும் தட்டியது.

அங்கே எந்தச் சொல் வரவேண்டும் என்று சில்வண்டுக்குத் தெரியும். தெரியாதவள் போல, "தண்ணி கொண்டு வரேன்," என்று எழுந்து போனாள்.

சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. வேலையிலிருந்து வந்த அம்மா, ஒற்றைச் செருப்பைக்கூடக் கழற்றாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பாதி நறுக்கிய காய் பலகையில் கிடந்தது. வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. அது எப்போது வந்தது? போன வாரமா, அதற்கும் முன்பா? சில்வண்டுக்கு நினைவில்லை. கட்டிலில் படுத்திருந்தவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவரைத் தூக்கும் கை அல்லவா அது.

ஷி இஸ் டயர்ட்.

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அவள் மதிப்பெண் போட்டாள்.

தம்ளர் நிறைந்து வழிந்த பிறகுதான் குழாயை மூடினாள். திரும்பி வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். காலி இடத்தில் 'டு கோ' என்று எழுதினாள். அவள் கையெழுத்து அவ்வளவு மோசமாக என்றைக்கும் இருந்ததில்லை.

அப்பாவின் விரல் நிதானமாக நகர்ந்தது. ஐ. வான்ட். டு கோ.

சில்வண்டு சரிக்குறி போடவில்லை. அழுதாள். அப்பா அவள் தலையில் இடது கையை வைத்தார். அது கனமாக இருந்தது. பிறகு அந்தக் கை தாளுக்குத் திரும்பி, கடைசி வரிசைக்கும் அப்பால், தாளின் விளிம்பில் தட்டியது.

"இன்னும் ஒரு வரிசையா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யாரோடயா?"

"நோ." விரல் தட்டியது.

"எப்பவா?"

"நோ." தட்டியது.

"எவ்வளவு நாளா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை 'நோ' வராததே அவருடைய 'ஆமாம்' என்று அந்த வினாடி அவளுக்குப் புரிந்தது. நான்கு மாதமாக யாருமே இத்தனை கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை.

புதிய வரிசையில் 'ஒரு மாதம்', 'மூன்று மாதம்' ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதினாள். கொஞ்சம் தயங்கி, மூன்றாவதாக 'எப்போதும்' என்பதையும் எழுதினாள். அவளுக்குப் பிடிக்காத சொல்தான். ஆனாலும் கட்டம் என்றால் அதுவும் இருக்கத்தான் வேண்டும்.

விரல் 'மூன்று மாத'த்தின் மேல் நின்றது. அதோடு நிற்காமல், 'ஐ', 'வான்ட்' என்று தொடங்கிய இடத்துக்கே போய், 'டு கோ'வின் கீழே மறுபடியும் காலி இடத்தைத் தட்டியது.

இந்த முறை அவள் எதையும் கேட்கவில்லை. 'டு கம்' என்று எழுதினாள். அப்பா அதைத் தொட்டு, பக்கத்திலிருந்த 'ஹோம்' கட்டத்துக்குப் போனார். அங்கேயே விரலை வைத்துக்கொண்டார்.

வாசற்படியில் அம்மா நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை.

"என்னடி சொல்றாரு?"

"மூணு மாசம் போயிட்டு வீட்டுக்கு வந்துடறாராம். நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டியாம்."

அம்மா தன் மணிக்கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எனக்காகவா போறீங்க?"

"நோ," என்றார் அப்பா.

அதற்கு என்ன பொருள் என்று அம்மா கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை முழுவதும் சில்வண்டு ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டாள். பசி, வலி, ஜன்னல், போர்வை, வா, கிழமைப் பெயர்கள், சத்தம் குறைவாக என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினாள். ஒவ்வொரு வரிசையின் அடியிலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியில் ஏறினார். சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டார். "இது எதுக்கு?" என்றார் பெரியப்பா. "அப்பா சொல்வார்," என்றாள் சில்வண்டு. பெரியப்பா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் கட்டில் இருந்தது. மெத்தையில் பள்ளம் இருந்தது. அம்மா அன்று ஒன்பது மணிநேரம் தூங்கினார். சில்வண்டு மெத்தைப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திங்கள், செவ்வாய், புதன் நகர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாரம் போல.

வியாழக்கிழமை மாலை தொலைபேசி அடித்தது. பெரியப்பா. ஆனால் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"என்ன பெரியப்பா, தொண்டை கட்டிடுச்சா?"

"எங்க! நான் வாயத் திறந்தாலே உங்கப்பன் 'சத்தம் குறைவாக' கட்டத்தத் தொடறான். சரி, கேளு. 'நீ – வா – ஞாயித்துக்கிழமை.' இது அவன் தொட்டது."

சில்வண்டின் கை தொலைபேசியை இறுக்கிப் பிடித்தது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? நீ விட்டு வெச்ச காலிக் கட்டத்துல நானும் நாலு இங்கிலீஷ் சொல் பென்சில்ல எழுதினேன், ஆசையா. வரும்போது ஒரு ரப்பர் கொண்டு வா."

"ரப்பர் எதுக்கு?"

"நாலையும் ஒவ்வொண்ணாத் தொட்டு 'நோ'ங்கறான்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "நோ."

இந்த முறை அது 'நோ'தான். சில்வண்டுக்குச் சந்தேகமே இல்லை.